வளைவை ஏலம் விட்ட கிராம சபை

போடிப் பக்கம் யாரும் யாருக்கும் ஏலக்காயைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. டீக்கடையில் நிற்கும் ஆளிடம் ஒரு காயைக் கொடுத்தால் போதும். உள்ளங்கையில் உருட்டுவார், முகர்ந்து பார்ப்பார், எந்த மலைக் காய், எத்தனையாவது பறிப்பு, காயவைக்கும்போது எங்கே சூடு கூடிப்போனது என்று சொல்லிவிடுவார். அதே ஆளிடம், "நம்ம ஊராட்சிக்கு இந்த வருசம் எம்புட்டுப் பணம் வருது, அது எங்க போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். வானத்தைப் பார்ப்பார். நானும் ரொம்ப காலம் வானத்தைப் பார்த்த கூட்டம்தான். நான் பி.காம். படித்தவள் என்று வேறு வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

நான் வேலை பார்ப்பது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில். கடை என்றால் கல்லாவும் தராசும் மட்டும் இல்லை. பின்னால் பெரிய கிட்டங்கி, அதில் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கும் பெண்கள், ஓயாத சல்லடைச் சத்தம். முதலாளிக்காக ஏல மையத்துக்குப் போய் வருவதும் என் சோலிதான். மத்திய பட்ஜெட் அன்றைக்கு எங்கள் கடையில் டிவி ஓடும். அமைச்சர் மணிக்கணக்காகப் பேசுவார். முதலாளி ஒரே ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏலக்காய் என்ற அந்த வார்த்தை வராது. "சொல்லல. அப்ப நமக்கு ஒண்ணுமில்ல. டிவிய அமத்துங்க" என்பார். எங்களுக்கு பட்ஜெட் என்றால் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஊர் முக்கில் விடியும் முன்னாலேயே ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள். என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, அதில்தான் காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். மலைக்குப் போய்ப் போய் அவள் பேச்சிலேயே மலையாளம் ஒட்டிக்கொண்டது. சோறு வைத்தால் "போதும்" என்று சொல்ல மாட்டாள், "மதி அக்கா" என்பாள். வாயாடி. சிரித்தால் தெருமுனைவரை கேட்கும்.

அந்த வாயாடி ராத்திரிச் சோற்றோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஜீப் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். அதற்கு அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மேலே ஏற வேண்டும். முக்கில் டீக்கடை, சலூன், வரிசையாக பைக்குகள், சுற்றிலும் ஆம்பளைகள். ஒதுங்க ஒரு செடி கிடையாது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வரும் பெண்களுக்கும் இதே கதிதான். எல்லோரும் வறண்ட நாக்கோடுதான் ஜீப்பில் ஏறினார்கள். என் ஓரகத்திக்கு நீர்க்கடுப்பு வந்தது, போனது, திரும்ப வந்தது. டாக்டர் தண்ணீர் குடி என்றார். "குடிக்கிறேன் டாக்டரு. குடிச்சிட்டு எங்கிட்டுப் போக? அதையும் மருந்துச் சீட்டுல எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள்தான் என்னை முதன்முதலில் கிராம சபைக்கு இழுத்துப் போனாள். சுதந்திர தினம், எனக்கும் லீவு. மந்தையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஊராட்சி கிளார்க் மைக்கைப் பிடித்து வரவு செலவை வாசித்தார். வாசித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிளம்பப் போகிற பஸ்ஸில் ஏறி ஊர்ப் பெயர்களைக் கடகடவென்று சொல்வார்களே, அந்த வேகம். எந்தக் காசு எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நடுவிலேயே கையெழுத்து வாங்கினார்கள். மிட்டாய் வந்தது. என் ஓரகத்தி எழுந்து, ஜீப் நிற்கும் முக்கில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்றாள். ஊராட்சித் தலைவர் தன்மையாகவே பதில் சொன்னார். "செய்யணும்தான் ஆத்தா. நிதி இல்லையே."

நிதி இல்லை. இந்த ரெண்டு வார்த்தைக்கு முன்னால் எங்கள் ஊரே வாயை மூடிக்கொள்ளும். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தானே மேலே பேச முடியும்? வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலைவர் மேல் இல்லை. அவர் நல்ல மனிதர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். காது குளிரக் கேட்டுவிட்டு எதுவும் விளங்காமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்த என் மேல்தான் கோபம்.

அடுத்த வாரம் அதே தலைவரை ஏல மையத்தில் பார்த்தேன். தன் காயை விற்க வந்திருந்தார். எங்கள் ஏல மையத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் கொண்டுவந்த சரக்கும் ஒரு லாட்டு. லாட்டு நம்பர், மூட்டை, எடை எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே சின்னப் பொட்டலத்தில் அந்த லாட்டின் சாம்பிள் வியாபாரிகள் கைக்கு வந்துவிடும். பொட்டலத்தைப் பிரிப்பார்கள், தடவுவார்கள், உடைப்பார்கள், கடிப்பார்கள், பார்த்து முடித்ததைத் தரையில் கொட்டிவிடுவார்கள். அங்கே நடந்தால் செருப்புக்கடியில் காய் நொறுங்கும். அப்புறம் விலை ஏறும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துகிறார்கள், ஆனாலும் பழைய ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. கடைசியில் வந்த விலை சரக்குக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால், "நான் எடுத்துக்கிறேன்" என்று லாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குத் தலைவர் அப்படித்தான் செய்தார். விலை கம்மி என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு லாட்டை எடுத்துக்கொண்டார்.

வெளியே டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். "அண்ணே, உங்க லாட்ட இங்க கடகடன்னு வாசிச்சுட்டு, சாம்பிளும் காட்டாம, சரி முடிஞ்சதுன்னு சொன்னா விட்ருவீகளா?"

"அதெப்படி விடுவேன்? மாசக்கணக்குல பாடுபட்ட சரக்கு."

"அப்ப ஊர்ச் சரக்க மட்டும் அப்படி வாசிக்கிறீகளே?"

அவருக்கு டீ புரையேறியது. கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "பேசத் தெரியும்ல ஒனக்கு. குடியரசு தினச் சபையில நீயே வாசி. சாம்பிளும் நீயே கொண்டா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கிட்டங்கியில் தரம் பிரிக்கும் பெண்களிடம் சொன்னபோது ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முதலாளி, "ஏன், ஊராட்சி கட்டுற பாலத்தையும் பொட்டலம் கட்டிக் கொண்டு போயேன்" என்று கிண்டல் செய்தார். ஆனால் அந்தக் கிண்டலில் விஷயம் இருந்தது. பாலத்தைக் கட்டிக்கொண்டு போக முடியாதுதான். குழாயைக் கொண்டுபோகலாம், பல்பைக் கொண்டுபோகலாம். கிளார்க்கோடு உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பையும் எனக்குப் புரியும்வரை கேட்டேன். முதலில் கடுகடுவென்று இருந்தவர் போகப் போக உற்சாகமாகிவிட்டார். "இத்தன வருசத்துல யாருமே என்கிட்ட இதக் கேட்டதில்லம்மா" என்றார். பாவம், அவருக்கும் யாராவது கேட்டால்தானே சொல்லத் தோன்றும்.

குடியரசு தினம் வந்தது. மைக்கைப் பிடித்தேன். முதல் லாட்டு, குடிதண்ணீர். எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயும் ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரும் கூட்டத்துக்குள் போயின. ஏலக்காய்க்காரர்கள் கையில் ஒரு பொருள் கிடைத்தால் சும்மா இருப்பார்களா? குழாயைத் தட்டிப் பார்த்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள், கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் பிளீச்சிங் பவுடரை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்துவிட்டார். அவர் தும்மி முடிக்கும்வரை சபையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கேள்விகள் வந்தன. நிஜக் கேள்விகள். "இந்தக் குழா எங்க தெருவுல போட்டதா? எங்களுது இத விடச் சின்னதா இருக்கே?" "தெரு லைட்டு ஒண்ணு பியூஸ் போனா மாத்துறதுக்குத் தனியா காசு இருக்கா, இல்ல அடுத்த வருசந்தானா?" "குடிதண்ணிக்கு வந்ததுல மிச்சம் இருந்தா ரோட்டுக்குப் போடலாம்ல?" கிளார்க் எழுந்து, இது தண்ணிக்கென்றே வந்த காசு, வேறு எதற்கும் தொடக் கூடாது, இந்தத் தலைப்பு பொது நிதி, அதை எதற்குச் செலவழிப்பது என்று சபையும் சொல்லலாம் என்று விளக்கினார். பொது நிதி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் எங்கள் ஊர் காது கொடுத்துக் கேட்டது. அந்தப் பொது நிதியில்தான் வம்பே இருந்தது.

பொது நிதியில் பெரிய லாட்டு, ஊர் முகப்பு வளைவு. ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் தூண் எழுப்பி, மேலே ஊர்ப் பெயர் எழுதி, ரெண்டு பக்கமும் யானை வைத்து ஒரு வளைவு. பக்கத்து ஊரில் வந்துவிட்டது, நமக்கு இல்லாவிட்டால் எப்படி? இதில் ஊரே ஒரே கட்சி. நான் தொகையைச் சொன்னேன்.

"நாலு லட்சம்."

சொன்ன விதம் அப்படி அமைந்துவிட்டது. வாய் ஏல மையத்து ராகத்துக்குப் போயிருக்க வேண்டும். முன்வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்த பழைய வியாபாரி ஒருவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர், கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார்.

"நாலு பத்து."

பின்னாலிருந்து உடனே ஒரு குரல். "நாலு இருவது!" பெரியப்பாவுக்குத் தொழிலில் போட்டியாளர் அவர். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலரை!" என்றார். இப்போது கண் நன்றாகத் திறந்திருந்தது. "நாலே முக்கா!" "அஞ்சு!" பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறார்கள். தலைவர், "ஏப்பா, ஏப்பா" என்று கையை ஆட்டுகிறார், யாரும் கேட்கவில்லை. நானும் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? "அஞ்சு லட்சம், ஒரு தரம்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கிளார்க் நாலை அடித்துவிட்டு அஞ்சு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். கல்லும் சிமெண்டும் வாங்காமல், யானைக்கு ஒரு தும்பிக்கைகூட நீளாமல், எங்கள் வளைவு ஒரு லட்சம் ஏறிவிட்டது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கும்போது என் ஓரகத்தி எழுந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு வினோதமாக இருந்தது.

"ஒரு சமுசயம், சந்தேகம்" என்றாள். "எல்லாரும் வாங்க வந்தவுக மாதிரி வெலைய ஏத்துறீக. இது யாரு சரக்கு? நாம குடுத்த வீட்டு வரி, தண்ணி வரி, நமக்குன்னு வந்த பணம். அப்ப நாமதான சரக்குக்காரவுக?"

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்கு வெல புடிக்கலைன்னு ஒங்க லாட்ட நீங்க எடுத்துக்கிட்டீகளாம்ல. அக்கா சொன்னா. எங்களுக்கும் இது புடிக்கல. நாங்க எடுத்துக்கிறோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

"வளைவு வேணாம்ங்கிறியா ஆத்தா?"

"நல்லாத்தான் இருக்கும். யானை எல்லாம் வச்சு ஜோராத்தான் இருக்கும். அதுக்கு அடியில ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, வயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. தெனமும் நாங்க நிக்கிறோம். ஊருக்குள்ள வர்றவன் ஊர்ப் பேரப் படிக்கிறதுக்கு இம்புட்டுக் காசு இருக்கு. ஊர விட்டுச் சோலிக்குப் போறவ ஒண்ணுக்குப் போறதுக்கு இல்ல."

மலைக்குப் போகிற பெண்கள் அங்கங்கே எழுந்து நின்றார்கள். கோஷம் எதுவும் போடவில்லை, சும்மா நின்றார்கள். எழுந்து நின்றவர்களில் பெரியப்பாவின் மருமகளும் ஒருத்தி. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சுன்னு கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வளைவு அந்த வருடம் இல்லை, அந்தப் பணத்தில் முக்கில் பெண்களுக்குக் கழிப்பறை என்று தீர்மானம் எழுதினார்கள். கிளார்க் அஞ்சையும் அடித்தார், புதுப் பக்கமே திருப்பிவிட்டார். எழுதியதை நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தீர்மானம் எழுதுவது வேறு, செங்கல் வைப்பது வேறு. மதிப்பீடு போட வேண்டும், என்ஜினியர் வந்து பார்க்க வேண்டும், ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஒவ்வொன்றையும் கிளார்க் எனக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. அரசாங்க வேலைக்கு என்று ஒரு நடை இருக்கிறது, அந்த நடையில்தான் அது நடந்தது. வெயில் காலம் போனது, மழையும் பிடித்துக்கொண்டது.

அந்த மழையில், தோட்டத்துச் சரிவில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது என் ஓரகத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூடப் போன பெண்கள் அவளைத் தூக்கி வந்து ஜீப்பில் போட்டார்கள். கீழே வரும்வரை அவள் எப்படிக் கத்தினாள் என்று கேட்டபோது, அதைச் சொல்லவே மாட்டேன் என்று ஜீப் டிரைவர் சொல்லிவிட்டார். சிறுநீரகத்தில் கல், அதற்கு மேல் கிருமி. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சண்டை போட்டு வாங்கியது காகிதத்தில் இருக்கிறது, அவள் இங்கே கட்டிலில் கிடக்கிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்த ஆஸ்பத்திரி மின்விசிறியைத் திட்டினேன். அது நிஜமாகவே ஓடவும் இல்லை.

டாக்டர் இனி மலைக்குப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். தேறி வந்ததும் எங்கள் கிட்டங்கியிலேயே காய் பிரிக்க உட்கார்ந்துகொண்டாள். கூலி கொஞ்சம் கம்மி. பின்னால் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர்ப் பானையும் பக்கத்திலேயே. அவள் வந்ததிலிருந்து எங்கள் கிட்டங்கியில் சல்லடைச் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

முக்கில் கழிப்பறை திறந்தபோது அவள் வேலைக்கு வந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. தலைவர் ரிப்பன் வெட்டினார். அவள் உள்ளே போய்க் கதவு, தாழ்ப்பாள், குழாய் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "தாப்பா நல்லாருக்கு" என்றாள், அவ்வளவுதான். அவள் கேட்டு வாங்கியது அவளுக்கே ஒரு நாளும் உதவவில்லை என்பது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அது திறந்து சில வாரங்களில் மே தினக் கிராம சபை வந்தது. இந்தத் தடவை கிளார்க்கே வாசித்தார், சாம்பிளும் அவரே கொண்டுவந்திருந்தார். என் ஓரகத்தி வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். இனி அவளுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆனால் நான் போகும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மலைக்குப் போகும் பெண்கள் சுற்றிலும். கிளார்க் ஒவ்வொரு லாட்டாக முடித்து, கடைசிப் பக்கத்தை மூடினார். மிட்டாய்த் தட்டு கிளம்பியது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். "முக்குல இருக்கிற கக்கூச தெனமும் கழுவி விடுற ஆளுக்குச் சம்பளம், டேங்க்குக்குத் தண்ணி, கரண்டுக்குக் காசு, இதெல்லாம் இந்த வருசம் எந்த லாட்டுல இருக்கு? நீங்க வாசிச்சப்ப எனக்குக் கேக்கல."

கிளார்க் பக்கங்களைத் திருப்பினார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். தலைவரைப் பார்த்தார். தலைவர் கையை விரித்தார். கட்டுவதற்குப் பணம் எழுதியிருந்தோம். நடத்துவதற்கு யாரும் எதுவும் எழுதவில்லை. மைக் பிடித்த நானும் அதை யோசிக்கவில்லை.

"கவனிக்காம விட்டுட்டோம் ஆத்தா. அடுத்த சபையில சேத்துக்கிருவோம்" என்றார் தலைவர்.

"நாளைக்கு விடிஞ்சா ஜீப்பு வரும்ணே" என்றாள் அவள். "இப்பவே சேருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான்தான் இனிமே மலைக்குப் போக மாட்டேனே." சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு இன்னும் வசதியாக உட்கார்ந்தாள்.

மிட்டாய்த் தட்டு பாதி வழியில் நின்றது. தலைவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கிளார்க் மூடிய புத்தகத்தை மறுபடியும் திறந்தார்.